இலஞ்சிநாதன் படைப்புகளில் காணலாகும் அன்னபாக்கியம்

எழுத்தாளர் இலஞ்சிநாதனின் சிந்தனைகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்றதையெல்லாம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாகக் கிடந்ததைத் தமிழ்த்துறை ஜெபசீலிக்கு ஒதுக்கியது.

இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஒரு சிந்தனையை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால் அது எழுத்தாளரை விட்டுக் கிளம்பி ஆய்வாளரிடம் வந்துவிடும். பட்டம் கிடைத்ததும் நூலகத்துக்குப் போய்விடும். அங்கே அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பூட்டியதை யாரும் திறந்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

முதலில் போனவை சமுதாயச் சிந்தனைகள். அன்றோடு இலஞ்சிநாதன் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். சுற்றுச்சூழல் சிந்தனைகள் போன மறுநாளே ஆள் வைத்து வாசல் வேப்பமரத்தை வெட்டிப் போட்டார். பெண்ணியச் சிந்தனைகளை மீசை வைத்த விரிவுரையாளர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் இலஞ்சிநாதன் தன் அழுக்கு வேட்டியை மனைவி முன்னால் கொண்டுவந்து போட்டார். அதுவரை தன் துணியைத் தானே துவைத்து, துவைத்ததை மேடை மேடையாகச் சொல்லியும் வந்த மனிதர் அவர். நகைச்சுவைச் சிந்தனைகளும் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு சத்தமே இல்லை.

ஜெபசீலி நாசரேத்துக்காரி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வீட்டில் முந்திக்கொண்டு அழைப்பிதழில் 'முனைவர் ஜெபசீலி' என்று அச்சடித்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா கதவைத் திறந்து அழைப்பிதழைப் பார்ப்பார். பிறகு அவளைப் பார்ப்பார்.

"எங்க வீட்டுப் பிள்ள இன்னும் வரலியேம்மா. வந்தா நீங்க தேடுனீங்கன்னு சொல்லுதேன்," என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். கதவைச் சாத்திவிடுவார்.

பட்டம் வந்தால் கதவு திறக்கும். அவள் பஸ் ஏறித் திரும்பி வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வருவாள்.

அன்று மதியம் துறையின் தாழ்வாரம் நீண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு மேல் அது நீளும். நெறியாளர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜெபசீலி கொண்டுபோன டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் ஆடையை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

"அது என்ன சிந்தனை ஐயா?"

"அதைக் கண்டறிவதுதான் உங்கள் முதல் இயல் அம்மா."

"தலைப்புல என்ன போட?"

"காணலாகும் என்பது வரைக்கும் போட்டு வையுங்கள். மேற்கொண்டு அவர் வீட்டில் போய்க் காணுங்கள்."

"அவர்கிட்ட இருக்கதே அது ஒண்ணுதான் ஐயா. அதையும் எடுத்துட்டா?"

"எழுத்தாளர் முழுமையாக ஆராயப்பட்டுவிட்டார் என்பது புலனாகும்."

கோமதிநாயகம் எந்தப் பேச்சையும் கடைசியில் புலனாகும் என்றுதான் முடிப்பார். பல்வலியைக்கூட அப்படித்தான் சொல்வார். துறையில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

மறுநாள் காலையில் பெருமாள்புரத்து வீட்டில் இலஞ்சிநாதன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ உட்கார்த்தி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தார்.

"வணக்கம் ஐயா. உங்க சிந்தனைய எடுக்க வந்திருக்கேன்."

"எடுத்துக்கோம்மா. எல்லாரும் அதுக்குத்தான வாறாங்க."

"இப்ப உங்ககிட்ட என்ன இருக்கு?"

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. "உள்ள ஒருத்தி இருக்கா. காப்பி கொண்டு வருவா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்னபாக்கியம் வந்தாள். ஒரு கையில் காப்பி டம்ளர், மறு கையில் ஒயர்க்கூடை. வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு ஜெபசீலியைப் பார்த்தாள்.

"நான்தான் அந்தச் சிந்தன. கெளம்புவமா?"

"அவரு தனியா இருந்துக்கிடுவாராம்மா?"

"நான் இருக்கும்போதும் அவரு தனியாத்தான் இருந்தாரு. வா பிள்ள, வெயிலுக்கு முன்ன போயிருவோம்."

இருவரும் படி இறங்கினார்கள். இலஞ்சிநாதன் டம்ளரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். "இத யாரு வச்சது?" என்று கேட்டார். கேட்டது யாரிடம் என்று தெரியாததால் யாரும் பதில் சொல்லவில்லை.

அன்னபாக்கியம் விடுதியில் ஜெபசீலியின் அறையில் தங்கினாள். விதிப்படி அங்கே தாயார்களுக்கு இடம் இல்லை. சிந்தனைகளுக்குத் தடை இல்லை. அவள் பகல் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் ஜெபசீலியிடம் காப்பி கேட்டாள். கொடுத்தால் சூடு போதாது என்றாள்.

ஜெபசீலி இலஞ்சிநாதனின் புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்தாள். மேற்கோள் வேண்டுமே. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிற பெண்கள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். கலெக்டரை எதிர்த்துப் பேசினவள் இருந்தாள். கடைசியில் ஒரு நாவலில், அநியாயமாகத் தூங்க வைக்கும் ஒரு நாவலில், மேசைமேல் காப்பி வைக்கிற ஒரு கை வந்தது. கை மட்டும்தான். ஜெபசீலி ஓடிப்போய்க் காட்டினாள்.

"இது உங்க கையாம்மா?"

அன்னபாக்கியம் கண்ணாடி போட்டுப் படித்தாள். "நகம் வளத்திருக்கா பாரு. இது வேற ஆளு."

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனபோது நூலகர் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகைச்சுவைச் சிந்தனைகள் உள்ளிருந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. பார்க்கச் சிரிப்பாக இல்லை.

"அந்தம்மா என்ன உயரம் இருப்பாங்க?" என்று கேட்டார் நூலகர்.

"எதுக்கு?"

"இந்தத் தட்டுல நிக்க முடியாது. காலக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கிடுவாங்கள்லா?"

ஜெபசீலி அறைக்கு வந்து உள்ளதைச் சொன்னாள். பட்டம் கொடுத்தால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றாள்.

"அங்க சமையல் உண்டுமா?"

"கெடையாது."

"துணி தொவைக்க?"

"அதுவும் கெடையாது."

"அப்பம் அந்த வீட்டுக்கு இது தேவல," என்றாள் அன்னபாக்கியம். காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "கால நீட்ட முடியாதோ?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா."

"ஏரல்ல எங்க அக்கா வீடு இருக்கு. அங்க போயி நாலு நாளு கால நீட்டி உக்காரணும்னு கல்யாணமாகி வந்ததுலருந்து சொல்லுதேன். இந்த நாவல முடிச்சுருதேன், கூட்டிட்டுப் போறேன்னாரு. ஒண்ணு முடிஞ்சா ஒண்ண ஆரம்பிச்சிருவாரு."

ஜெபசீலிக்கு அழுகை வந்தது. ஆய்வாளர் விருப்பு வெறுப்பற்று இருக்க வேண்டும் என்று படித்தவள் அல்லவா, அடக்கிக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வு அன்று கூட்டம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் இலஞ்சிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒயர்க்கூடையோடு அன்னபாக்கியம். கதவருகே சாவியோடு நூலகர். கேள்வி கேட்க வந்தவர் புறத்தேர்வாளர் என்பதால் அவருக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். அறை இரண்டாவது மாடியில் இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஆய்வேடு சிறப்பு," என்றார் புறத்தேர்வாளர் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பாலிருந்து. "ஒரே ஓர் ஐயம். இந்த அன்னபாக்கியம் படைப்புகளில் எங்கே காணலாகிறார்? பக்க எண் மட்டும் சொன்னால் போதும்."

ஜெபசீலி குறிப்பெழுதக் கொண்டுவந்த பேனாவை மூடினாள்.

கோமதிநாயகம் அவள் பக்கம் சாய்ந்தார். "ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள் அம்மா. யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

அவர் சொன்னது உண்மை. யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு எண் சொன்னால் நாசரேத்தில் கதவு திறக்கும். அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டு, ஏன் பிள்ள இவ்வளவு மெலிஞ்சிட்ட என்று கேட்பார். அவளுக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும்.

"எங்கயும் இல்ல ஐயா," என்றாள்.

"எங்கும் என்றால்?"

"அத்தன புத்தகத்துலயும் தேடிட்டேன். இவங்களப் பத்தி அவரு ஒரு வரிகூட எழுதல."

"எழுதாததைக் காண முடியாது. காண முடியாதது சிந்தனை ஆகாது. ஆய்வேடு ஏற்கப்படவில்லை." புறத்தேர்வாளர் ஜன்னலை வெளிப்பக்கமாகச் சாத்தினார்.

"அப்பம் இந்தம்மா யாரோட சிந்தன?" என்று கேட்டார் நூலகர்.

"யாருடையதும் இல்லை என்பது புலனாகிறது," என்றார் கோமதிநாயகம்.

அன்னபாக்கியம் எழுந்து சேலையை உதறிவிட்டுக்கொண்டாள். ஏரல் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாள். அவர் கையைக் காட்டினார். அவள் போனாள். தாழ்வாரம் அவளுக்கு நாலு எட்டில் முடிந்துவிட்டது.

இலஞ்சிநாதன் திரும்பி அவள் போவதையே பார்த்தார்.

"யாரும்மா அது?"

"தெரியல ஐயா," என்றாள் ஜெபசீலி.

"என்னமா நடக்காங்க. வீட்டுல எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தவங்க மாதிரி." அவர் முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. "அவங்களப் பத்தி ஒண்ணு எழுதணும்."

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புதுச் சிந்தனை," என்றார். பின்வரிசையில் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். அவர் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. "அம்மா, இதை உங்களுக்கே ஒதுக்கிவிடலாம். அவர் எழுதினால் பக்க எண்ணும் கிடைத்துவிடும்."

நூலகர் சாவியை இன்னும் பைக்குள் போடவில்லை.

இலஞ்சிநாதன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"பேனா இருந்தா குடும்மா. இப்ப எழுதலன்னா மறந்துருவேன்."

பேனா ஜெபசீலியின் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"இல்ல ஐயா," என்றாள்.