தெரு முனை வரை கேட்கும் பெயர்

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பெயருக்கு இப்போது மவுசு என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். முதலில் வாயில் நுழையாத பெயர்களாக வந்தன. வைத்தவர்களே படிவத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அப்புறம் இரண்டெழுத்துப் பெயர்கள். கூப்பிட ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டு வருஷமாகப் பழைய பெயர்கள். மரகதம், கோமளம், நாகரத்தினம், சொர்ணாம்பாள் என்று வரிசையாக வருகிறார்கள். வயதைப் பார்த்தால் பன்னிரண்டு நாள். இந்தப் பெயர்க்காரிகள் ஒரு காலத்தில் என்ன பாடு பட்டார்கள் என்பது வைக்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் ஜன்னலில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் இல்லை, நானாக வைத்தது. முத்திரை குத்துவதற்கு முன்னால் அப்பாவோ அம்மாவோ அந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். பிள்ளை தெரு முனையில் விளையாடிக்கொண்டிருக்கிறது, சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக் கூப்பிடுங்கள் என்பேன். காகிதத்தில் எந்தப் பெயரும் லட்சணமாகத்தான் இருக்கும். கத்திப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். பத்துப் பேரில் மூன்று பேராவது படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ச் சண்டை போடுவார்கள். வரிசை நகரவில்லை என்று மற்ற ஜன்னல்காரர்களுக்கு என்மேல் எரிச்சல். வரிசை நகராவிட்டால் போகிறது. அந்தப் பிள்ளையல்லவா எழுபது வருஷம் சுமக்கப் போகிறது.

இந்தக் கரிசனம் எனக்குச் சும்மா வரவில்லை. அப்பா எனக்கு வைத்த பெயர் அகிலாண்டேஸ்வரி. வகுப்பிலேயே குள்ளமானவள் நான்தான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் படித்ததும் நாற்பது தலைகள் யாரோ பெரிய ஆளைத் தேடித் திரும்பும். பிறகு கீழே குனிந்து என்னைப் பார்க்கும். தேர்வுத் தாளில் பெயரெழுதக் கொடுத்த கட்டங்கள் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அண்ணனைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளிகளோடு தெரு முனையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவான். அதற்கென்று ஒரு ராகம் வைத்திருந்தான். "அகிலாண்டே" என்று மூட்டை தூக்குகிறவன் மாதிரி மூச்சுப் பிடித்து மேலே ஏற்றி, அங்கேயே நிறுத்தி, கூட்டாளிகள் கை கொட்டியதும் "ஸ்வரீ" என்று பொத்தென்று கீழே போடுவான். நான் பதில் சொல்லாவிட்டால் விடமாட்டான், இன்னும் சத்தமாகத் தொடங்குவான். ஆகவே முதல் கூப்பாட்டிலேயே "வந்துட்டேண்ணா, கத்தாத" என்று ஓடிப் பழகிவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில், முதல் வேலைக்கு விண்ணப்பம் போட்ட கையோடு, பெயரை மாற்றிக்கொண்டேன். இதே அலுவலகத்தில்தான், அப்போது ஐந்தாம் ஜன்னல். குடும்பத்திலிருந்து ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அண்ணன் வந்து சிரித்துக்கொண்டே போட்டான். இனி பொழுது எப்படிப் போகும் என்று மட்டும் வருத்தப்பட்டான். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தார், வாய் வரவில்லை. "ஏம்மா" என்றே கூப்பிட்டுக் கடைசிவரை ஒப்பேற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நான் எடுத்துக்கொண்டது அந்த வருஷத்து நாகரிகப் பெயர். எங்கள் அலுவலகத்திலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறோம். குழப்பம் வேண்டாம் என்று என்னை எல்லோரும் மூணாம் ஜன்னல் என்கிறார்கள். உலகத்தையே ஆள்கிறவளின் பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் வாங்கிக்கொண்டது ஒரு ஜன்னல்.

அண்ணன் இப்போது வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கிறான். பழமையாகத் தெரியவேண்டும் என்று கேட்கிறவர்கள்தான் அவனுடைய வாடிக்கையாளர்கள். அவன் வீட்டுக் கூடமே அவனுக்கு விளம்பரம். ஓடாத கடிகாரம் ஒன்று, பாடாத ரேடியோ ஒன்று, துணி பார்த்து முப்பது வருஷமான தையல் மெஷின் ஒன்று. அதன்மேல் பூச்சாடி இருக்கிறது. அண்ணியும் நல்லவர்தான். ஆனால் பத்து வருஷமாக அந்தக் கூடத்தில் குடியிருந்து அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. தவமிருந்து பெற்ற பெண் குழந்தைக்கு அந்தக் கூடத்தோடு ஒத்துப்போகிற பெயராக வேண்டும் என்றார்.

அதற்காகப் பெயர் ஆலோசகர் ஒருவரிடம் போனார்கள். அப்படியும் ஒரு தொழில் வந்துவிட்டது. அவர் பெயர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறாராம்: பழசு, படு பழசு, போய்த் திரும்பி வந்தது. என் இப்போதைய பெயரைப் போன்றவை எதிலும் அடங்காது. புதிதென்று சொல்ல வயதாகிவிட்டது, பழசென்று சொல்ல வயது போதாது, இன்னும் நாற்பது வருஷம் பரணில் கிடக்கட்டும் என்றாராம். அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. குடும்பத்தில் யாராவது வைத்துக்கொண்டு வேண்டாமென்று விட்ட பெயராக இருக்கக் கூடாது. அது ராசியில்லாத சரக்காம்.

ஆலோசகர் காட்டிய எதுவும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வைத்தாயிற்று. அப்போதுதான் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அகிலாண்டேஸ்வரி என்றிருக்கிறான். ஆலோசகர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாராம். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டதாம். எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, பழைய ஆவணங்களைப் புரட்டும்போது கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கிறான். பொய்யென்று சொல்ல முடியாது. என் பிறப்புச் சான்றிதழும் பழைய ஆவணம்தானே.

இதையெல்லாம் அண்ணனே என்னிடம் சொன்னான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அலுவலகத்துக்கு வந்து, என் டிபன் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். அண்ணிக்கு அது என் பெயராக இருந்தது தெரியவே கூடாது. நாளைக்குப் படிவத்தோடு வருகிறார்கள். நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முத்திரை குத்தி அனுப்ப வேண்டும்.

"அந்தப் பேருக்காக நான் எத்தனை நாள் அழுதிருக்கேன், தெரியுமாண்ணா?" என்றேன்.

"அதான் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டியே," என்றான். "சும்மா கெடக்கறதை எடுத்துத் துடைச்சு வெச்சுக்கிட்டா உனக்கென்ன நஷ்டம்?"

அவனுக்கு அது தையல் மெஷின் மாதிரிதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. பாக்ஸை மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை அந்தப் பெயரோடு இருக்கவும் விடவில்லை. இப்போது அது என்னுடையதாக இருந்தது என்பதையும் இல்லாமல் ஆக்கச் சொல்கிறான். இருந்தாலும் பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டு வம்பு செய்ய மனம் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார்கள். அலுவலகக் கூடத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள். அண்ணியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் படிவத்தை நீட்டினான். அழகான கையெழுத்தில் அகிலாண்டேஸ்வரி. என் பழைய பெயரை நானே கணினியில் ஏற்றினேன். இப்போதெல்லாம் கட்டங்களுக்குப் பஞ்சமில்லை, கடைசி எழுத்துவரை உள்ளே அடங்கியது. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒரு முறை கூப்பிட்டுக் காட்டுங்கள், பிள்ளை தெரு முனையில் இருக்கிறது.

அண்ணன் என்னை முறைத்தான். இதெல்லாம் நமக்குள்ளே எதற்கு என்று மழுப்பினான். பின்னால் நின்றவர்கள், எல்லோரையும்தான் கூப்பிட வைக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்றார்கள். அண்ணியும், கேட்க ஆசையாக இருக்கிறது, கூப்பிடுங்கள் என்றார்.

அவன் மெதுவாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட அவன் நாக்கு ஒரே ஒரு விதமாகத்தான் பழகியிருந்தது. "அகிலாண்டே" என்று மூச்சுப் பிடித்து மேலே ஏறியது. அங்கே நின்றது. ஐம்பது பேர் இருந்த கூடம் சத்தமில்லாமல் ஆயிற்று. "ஸ்வரீ" என்று பொத்தென்று விழுந்தது.

"வந்துட்டேண்ணா, கத்தாத."

சொன்னது நான்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தும் நின்றிருந்தேன். முத்திரை கீழே விழுந்து உருண்டது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாமல், ஜன்னல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார்கள்.

"யாரோட பேரு இது?" என்று அண்ணி கேட்டார். அவனிடம் கேட்கவில்லை, என்னிடம்.

பூசி மெழுக இனி என்ன இருக்கிறது? நின்றபடியே சொன்னேன். அப்பா வைத்தது, தெரு முனை, ராகம், கைதட்டல், ஐந்தாம் ஜன்னல், சாட்சிக் கையெழுத்து, எல்லாவற்றையும். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அண்ணன் விட்டதைப் பிடிக்கப் பார்த்தான். அதெல்லாம் சின்ன வயது விளையாட்டு, வேறு பெயர் பார்த்துக்கொள்ளலாம், ஆலோசகரும் கழற்றிப் போட்ட பெயர் ஆகாது என்று சொல்லியிருக்கிறார் என்று படிவத்தை இழுத்தான். அண்ணி அதன்மேல் கையை வைத்தார்.

"இந்தப் பேரால என்ன கஷ்டம், நீயே சொல்லு," என்று என்னைக் கேட்டார்.

"பேரால ஒரு கஷ்டமும் இல்ல அண்ணி. கூப்பிட்ட வாயாலதான்."

அதை யோசித்து வைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மாற்ற வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ மாற்றியிருக்கிறேன்.

அண்ணி கையை எடுக்கவில்லை. என் மகளுக்கு இந்தப் பெயர்தான், இவர் கூப்பிடக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். நான் குனிந்து முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினேன். பிறகு மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, பெயர் மாற்ற விண்ணப்பம் ஒன்றை எடுத்துப் பூர்த்தி செய்யத் தொடங்கினேன். இப்போதைய பெயர் என்ற இடத்தில் இப்போதையது. விரும்பும் பெயர் என்ற இடத்தில், கை சொன்ன பேச்சுக் கேட்டு, அகிலாண்டேஸ்வரி.

அண்ணன் தலைகீழாகவே படித்துவிட்டான்.

"ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு ஒரே பேரா? கூப்பிட்டா யாரைன்னு தெரியும்?"

"ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம்," என்றேன். "அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கூப்பிடு."

சாட்சிக் கையெழுத்துக்கான இடத்தில் பேனாவை வைத்து விண்ணப்பத்தை அவன் பக்கம் திருப்பினேன். முன்பு சிரித்துக்கொண்டே போட்டவன், இந்த முறை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போட்டான். போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தான்.

வழக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன்.

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். தூங்குகிற மகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, ராகமில்லாமல், மூச்சுப் பிடிக்காமல், எங்கேயும் நிறுத்தாமல் அந்தப் பெயரைச் சொன்னான். அப்பா சொல்வது போலவே இருந்தது. ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை.

"கேக்கல," என்றேன். "நான் தெரு முனையில நிக்கறேன்."