பின்னறைக் காற்று

கட்டடப் பொறியியலில் முதுகலை படிக்க வந்தவள் அக்கா வீட்டில்தான் தங்கினாள். பழைய அடுக்குமாடி. மின்சாரம் குறைவாகச் செலவாகும் கட்டடமாக அதை மாற்றும் திட்டம் அவள் படித்த துறையினுடையது. வெளிச்சுவரெங்கும் தடித்த பஞ்சுப் பலகைகளை ஒட்டி, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தி, எறும்பு நுழையக்கூட இடுக்கில்லாமல் அடைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட, குளியலறைக் கூரையில் ஓர் இயந்திரம். கெட்ட காற்றை வெளியே தள்ளும். நல்ல காற்றை உள்ளே இழுக்கும்.

குளிர்காலம் முழுக்கச் சில வீடுகளை அளந்து ஆய்வேடு எழுத வேண்டும். அக்கா வீடும் அவற்றில் ஒன்று.

"ஜன்னலைத் திறந்தா அளவெல்லாம் கெட்டுடும் அத்தான். குளிர் போற வரைக்கும் திறக்காதீங்க" என்றாள்.

அத்தான் தையல்காரர். பின்னறைதான் அவர் கடை. பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருக்கும். நீராவி இஸ்திரிப் பெட்டி நாள் முழுக்கப் புஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்கும். அக்கா காலையில் அலுவலகம் போனால் மாலையில்தான் திரும்புவாள்.

"இன்ஜினியரம்மா உத்தரவு! நம்ம சட்டைப் பித்தான்கூட இனிமே உன்னைக் கேட்டுத்தான் கழட்டணும் போல" என்று அவர் சிரித்தார்.

சில வாரங்களில் பின்னறைக் கண்ணாடியில் தண்ணீர் வழியத் தொடங்கியது. துணி அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. அத்தானுக்குப் பழைய இளைப்பு உண்டு. அது திரும்ப வந்து, பேச்சுக்கு நடுவே அவரை நிறுத்தி மூச்சு வாங்க வைத்தது.

பின்னறையில் அவள் வைத்திருந்த கருவி, கெட்ட காற்றின் அளவை இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு காட்டியது. பேராசிரியரிடம் கொண்டுபோனாள்.

அவர் கணினித் திரையைத் தட்டிக் காட்டினார். "நம்ம மாடல்ல இப்படி வர வழியே இல்லையே. கருவிதான் கோளாறு. மாத்திப் பாரு."

மாற்றினாள். புதியதும் அதையே சொன்னது. இயந்திரம் ஓடியது, சத்தம் கேட்டது. பிறகு எங்கே போகிறது காற்று? வெளிச்சுவரில் இருக்கும் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். அதற்குச் சாரம் கட்ட ஆள் வர வேண்டும். அளவெடுப்பு முடியும் நேரம். இப்போது கைவைத்தால் குளிர்காலத்து உழைப்பு முழுவதும் பாழ். முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு காலை அத்தான் தையல் மெஷினில் கையூன்றி நின்றார்.

"ஏம்மா, கொஞ்ச நேரம் திறந்துக்கட்டுமா? நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"இன்னும் ஒரு வாரம் அத்தான். முன்னறையில போய் உட்காருங்களேன்."

"அங்க உட்கார்ந்தா துணி தானா தைச்சுக்குமா? சரி விடு. உன் படிப்பு முடியட்டும்."

மறுநாள் மதியம் அளவு குறிக்க வந்தவள், இஸ்திரி மேசையடியில் அவர் சரிந்து கிடப்பதைக் கண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஜன்னல் கைப்பிடி கையெட்டும் தூரத்தில். ஜன்னல் மூடியே இருந்தது.

மருத்துவமனையில் அந்த வாரத்தை அவர் தாண்டவில்லை. நுரையீரலில் பூஞ்சை பரவியிருந்தது, இளைப்பும் சேர்ந்துகொண்டது என்றார் மருத்துவர்.

பிறகுதான் சாரம் கட்டினார்கள். காற்று இழுக்கும் குழாயின் வாயில், பூச்சு வேலையின்போது சிமென்ட் தெறிக்காமலிருக்க ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. எடுக்க மறந்திருக்கிறார்கள். மேலே ஏறிய ஆள் அதைக் கிழித்துக் கீழே போட்டான். அவள் பொறுக்கிக்கொண்டாள்.

"அந்த ஒரு வீட்டை விட்டுட்டு எழுதிடு. மத்ததெல்லாம் பிரமாதமா வந்திருக்கு" என்றார் பேராசிரியர். குரலில் பரிவு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விட முடியாது சார். அந்த வீட்டுல ஒருத்தர் செத்திருக்கார்."

எல்லாவற்றையும் எழுதினாள்: தாளையும், கருவி சொன்னதையும், அதைத் தாங்கள் நம்பாததையும். அக்காவிடம் எழுத்தில் சொல்ல முடியாது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்று சொன்னாள்.

அக்கா குழாயை மூடினாள். "திறக்கட்டுமான்னு அவர் கேட்டாரா?"

"கேட்டார்க்கா."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்."

அக்கா அழவில்லை, திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "உன் சாமான்களை எடுத்துக்கிட்டுப் போயிடு சின்னு. உன்னைப் பார்த்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது."

அன்று மாலையே விடுதிக்குப் போனாள். பட்டம் தாமதமாக வந்தது. துறை அந்த ஆய்வேட்டைத் தன் நிகழ்ச்சி எதிலும் குறிப்பிடவில்லை. ஆனால் மற்ற அடுக்குமாடிகளிலும் சாரம் கட்டிப் பார்த்தார்கள். இன்னும் சில வீடுகளில் தாள் கிடைத்தது. அந்தச் சோதனை வேலையிலேயே அவளும் சேர்ந்தாள்.

வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் செய்கிறாள். மணி அடித்து ஓயும். ஒருமுறை அக்கா எடுத்தாள்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"சரி" என்று வைத்துவிட்டாள்.