'நஷி'க்கு யாருடைய குறி

மருமகள் அந்த அட்டையை மேசையில் வைத்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். படிக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அந்த எழுத்து தம்பியுடையது என்று மங்கலாகத் தெரிந்தாலே போதும். அவனோடு முகம் கொடுத்துப் பேசி இருபத்தாறு வருடம் ஆகிறது.

"பழைய பெட்டியக் குடைஞ்சியா?"

"'நஷி'க்கு வேற அட்டை இருக்கான்னு தேடினேன் மாமா. நாலு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பணும்."

மணி மூன்றரை.

வீட்டிலேயே உருவான ஜப்பானிய–தமிழ் அகராதியின் இரண்டாம் பதிப்பு அது. ஒன்று இல்லை என்று சொல்ல ஜப்பானியர் சொல்லின் பின்னால் சேர்க்கும் 'நஷி'யை முதல் பதிப்பில் அவர் பின்னொட்டு என்று வகைப்படுத்தியிருந்தார். வீட்டோடு சேர்ந்தால் வீடில்லாதவன், பெயரோடு சேர்ந்தால் பெயரில்லாதவன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அன்று அடித்துப் பேசினார். கப்பலில் சமையல் வேலை பார்த்து, துறைமுகக் கடைகளில் மொழி கற்ற தம்பி இந்த அட்டையில் வேறு மாதிரி எழுதியிருந்தான்: 'காப்பிக்குப் பால் வேண்டுமா என்று கேட்டால், "நஷி" என்று தொடங்கியே பதில் சொல்கிறார்கள். ஒட்டிக்கொள்ள முன்னால் எதுவும் இல்லை. தனிச்சொல்லாகவும் பதிய வேண்டும்.'

அட்டையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியீட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அண்ணே, இது தப்பு" என்றான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறு அச்சில் முகப்பிலிருந்து தம்பியின் பெயரைப் பெரியவர் எடுத்துவிட்டார்.

"தனிச்சொல்லாவும் சேத்துடு," என்றார் பெரியவர். "ஓரத்துல என் குறியப் போடு."

சொல்லின் வகையை முடிவு செய்தவரின் பெயர்க்குறி ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அச்சாக வேண்டும். குறிக்கு உரியவரைக் கேட்காமல் அச்சாகக் கூடாது. விதி பெரியவர் போட்டதுதான். அடுத்தவன் உழைப்பில் என் குறி விழாது என்று மேடை மேடையாகச் சொன்னவர்.

மருமகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் போட மாட்டேன் மாமா."

"என்ன சொன்னே?"

"சின்ன மாமா புத்தகத்த வாங்கிப் பாப்பாரு. பாத்துட்டு யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அதை நினைச்சாத்தான் எனக்குக் கூசுது."

"அப்போ பழையபடியே போகட்டும்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

அவர் காதுமடல் சிவந்திருந்தது. அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது, அவள் எடுக்கவில்லை.

"சின்ன மாமாவக் கேட்டுட்டு அவர் குறியப் போட்டுடலாம். ஒரு போன்தானே மாமா. போன் வழியாக் கடிச்சா வைக்கப் போறாரு?"

"அவனுக்கு வாய் நீளம். உனக்குத் தெரியாது."

"தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை பேசுறேன்."

நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. எண்ணை அழுத்தி, போனை அவர் முன்னால் நீட்டினாள்.

மணி அடிக்கத் தொடங்கியதும் பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து விறைப்பாக நின்றார். இடக்கை தானாகப் போய்ச் சட்டையின் மேல்பொத்தானைத் தேடி மாட்டியது.

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தின் மூடி தடதடத்துக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

அவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் முடிந்தது.

அங்கே அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. மூடியின் தடதடப்பு மெல்லக் குறைந்து நின்றது.