வந்த நாள்

எங்கள் மிஷன் குழந்தைகள் இல்லத்தில் பிறந்தநாள் என்றால் தலைவலி எனக்குத்தான். பெயருக்கு அலுவலக உதவியாளர். கேக் வாங்குவது, போட்டோ எடுப்பது, அதைப் பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புவது எல்லாம் என் தலையில்தான். கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை, மூக்கை நோண்டுகிற பிள்ளை, கொஞ்சம் அசந்தால் க்ரீமில் விரலை விடுகிற பிள்ளை என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. அழுத்தக்காரியைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை.

அந்தப் பெயர் சமையலறை அக்கா வைத்தது. ஒன்பது வயது இருக்கும். மற்ற நாளில் ஓடுவாள், சண்டை போடுவாள், அடுத்தவர் தட்டில் கை வைப்பாள். மனசில் இருப்பது மட்டும் வெளியே வராது. பிறந்தநாள் வந்தால் போதும், முகம் உம்மென்று ஆகிவிடும். ஒரு வருஷம் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போன வருஷம் எப்படியோ பிடித்து நிறுத்தினால், அபராதம் கட்ட வந்தவள் மாதிரி நின்றாள்.

அந்தப் போட்டோ வினையாகிப் போனது. அவளை ஆதரிப்பவர்கள் பிள்ளையில்லாத வயதான தம்பதி. எங்களைப் பிடிக்கவில்லையா, வேறு யாராவது அவளுக்குப் பொருத்தமாக இருப்பார்களா, நாங்கள் விலகிக்கொள்ளட்டுமா என்று தவித்துப்போய் எழுதியிருந்தார்கள். இல்லத்தை நடத்தும் மதர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பிள்ளை சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்றார். சிரிப்பு ஏதோ என் கைப்பையில் இருப்பது போல.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே பிறந்தநாளாக வைப்பது மதர் கொண்டுவந்த வழக்கம். நம்மைப் பொறுத்தவரை அன்றுதானே பிறந்தார்கள் என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அழுத்தக்காரிக்கும் அப்படி வைத்த நாள்தான்.

இந்த வருஷம் சாப்பாட்டுக்கூடத்தில் மெழுகுவத்தி ஏற்றி, பிள்ளைகள் இரண்டு தடவை வாழ்த்துப் பாடி முடித்தும், அவள் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பொறுமை போய்விட்டது.

"சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்? நீ இப்படியே நின்னா அவங்க வேற பிள்ளையைப் பாத்துப்பாங்க. பரவால்லையா?"

குழந்தையிடம் பேசுகிற பேச்சா அது? அவள் கண் நிறைந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு மதரைப் பார்த்தாள்.

"அவங்களை எனக்குப் பிடிக்கும் மதர். இந்த நாள்தான் பிடிக்கல."

மதர் குனிந்து, அவள் எங்களிடம் வந்த நல்ல நாள் இது என்று பொறுமையாக விளக்கத் தொடங்கினார்.

"எங்கம்மா என்னை விட்டுட்டுப் போனதும் இன்னிக்குத்தானே" என்றாள்.

பின்னால் நின்ற பெரிய பிள்ளைகளில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் வந்த நாள்தான் பிறந்தநாள். அந்த நாளுக்குத்தான் வருஷம் தவறாமல் கைதட்டி, சிரி சிரி என்று உயிரை வாங்கியிருக்கிறோம். மதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்போ எந்த நாளை வச்சுக்கலாம்? நீயே சொல்லும்மா."

பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. அம்மா தலை சீவிவிட்டாங்க. பேன் இருக்குன்னு திட்டினாங்க. ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க."

அப்படியென்றால் நேற்றே முடிந்துவிட்டதே, ஒருத்தரும் உன்னை வாழ்த்தவில்லையே என்றார் மதர். பரவாயில்லை, நேற்று முழுக்க நான் ஞாபகம் வைத்திருந்தேன் என்றாள் அவள்.

போட்டோ எடுக்கவில்லை. கேக் மட்டும், யாருக்கும் பிறந்தநாள் இல்லாமலேயே, கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. அவளும் இரண்டு துண்டு தின்றாள். தேதியைத் தவறாக வைத்தது நாங்கள்தான், உங்களை அவளுக்குப் பிடிக்கும் என்று அந்தத் தம்பதிக்கு அன்றே எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனால், வாசலில் மூன்று பிள்ளைகள் நின்றார்கள். தங்கள் நாளையும் மாற்ற வேண்டுமாம். இரண்டு பேருக்கு எந்த நாள் என்பதில் சந்தேகமே இல்லை. மடமடவென்று சொல்லிவிட்டு ஓடினார்கள். மூன்றாவது பெண் எல்லாரையும்விடச் சின்னவள், கைக்குழந்தையாக வந்தவள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எங்கம்மா ஞாபகமே இல்லக்கா. அழுத்தக்காரியோட நாளையே எனக்கும் வச்சுக்கலாமா?"

அவளைக் கேட்காமல் எப்படி வைப்பது என்றேன்.

"கேட்டுட்டேன். சரின்னுட்டா."