ஜிப்பில் சிக்கிய பாசி

மலைக்குப் போன அண்ணன் தம்பியில் தம்பி மட்டும்தான் திரும்பி வந்தான். கீழ்ச்சாலையில் மழை பிடித்துக்கொண்டதாகவும், குறுக்குவழி இருக்கிறதா பார்க்கப் போன அண்ணன் வரவே இல்லை என்றும் சொன்னான். தேடப் போனவர்கள் சாலையின் இருபக்கக் காட்டையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

காணாமல் போனவனின் மனைவி பல்கலைக்கழகத்தில் பாசிகளை இனம் காணும் வேலையில் இருப்பவள். வீட்டுச் சுவரில் பச்சை படிந்தால், "அண்ணி, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்று கொழுந்தன் கேலி செய்வான். இப்போது அவன் மாடியறையை விட்டு இறங்குவதே இல்லை. சோறு தண்ணி இல்லாமல் துரும்பாகிக்கொண்டிருந்தான். அண்ணன் மேல் அவ்வளவு உயிர் என்று மாமியார் அவனுக்காகவும் சேர்த்து அழுதாள்.

சேறு அப்பிய அவனது மழைக்கோட்டை மருமகள் துவைக்க எடுத்தபோது ஜிப் பாதியில் நின்றது. பல்லிடுக்கில் பாசி இழைகள் கொத்தாக நசுங்கியிருந்தன. பழக்கதோஷத்தில் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ந்த பிறகும் பட்டுநூல் போல மினுமினுத்தது.

கீழ்ச்சாலை மரங்களிலும் பாசி தொங்கும். ஆனால் அது பளபளக்காது. வெறும் கண்ணை நம்பி ஒருவன் தலையில் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை. ஆய்வகத்துக்குப் போய், அந்த இழையிலிருந்து நுண்ணிய ஓர் இலையைக் கிள்ளி நீர்த்துளியில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கீழ்ச்சாலைப் பாசியென்றால் செல்களின் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். தெரிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் குமிழைத் திருகினாள். செல்கள் வழுவழுவென்றிருந்தன. இலை கரண்டி போலக் குழிந்து, நுனி மட்டும் கூராக நீண்டிருந்தது. அந்த மலையில் இந்தப் பாசியை அவள் பார்த்தது ஒரே இடத்தில்தான்: அருவிக்கு மேலே, ஓயாமல் சாரலில் நனையும் கிளைகளில்.

நேராக வீட்டுக்கு வந்து மாடியேறினாள்.

"ரெண்டு பேரும் அருவிக்கு மேல போனீங்களா?"

"இல்லண்ணி. கீழ் ரோடுதான்னு சொன்னேனே."

"இது உன் கோட்டுல இருந்துச்சு. கீழ் ரோட்டுல இது கிடையாது. அவர் எங்க?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டைப் பிரிக்கிற பேச்சு வந்துச்சு, அண்ணி. அண்ணன் கோபத்துல பின்னாடி நகர்ந்தான், வழுக்கிடுச்சு. நான் தொடக்கூட இல்ல, சத்தியமா. கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தேன். எவ்வளவு கூப்பிட்டும் சத்தமே இல்ல. செத்துட்டான்னு நெனச்சேன். நான்தான் தள்ளிட்டேன்னு சொல்லுவாங்களேன்னு பயந்துட்டேன்."

"இறங்கிப் பார்த்தியா?"

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவள் அங்கேயே நின்று போலீசுக்கு போன் செய்தாள்.

அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் உடலைக் கண்டெடுத்தார்கள். முறிந்த காலில் சட்டையைக் கிழித்து, குச்சி வைத்துக் கட்டியிருந்தது. விழுந்ததும் உயிர் போகவில்லை, உடலைக் கண்டெடுத்ததற்கு முந்தின நாள் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதை அவளிடம் தனியாகத்தான் சொன்னார்.

கொழுந்தனை விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் வாசற்படியில் கால் வைத்தபோது மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள ரொம்பத் தவிச்சானாம்மா?"

"இல்லத்தே. விழுந்த உடனே போயிட்டாராம்."

நிலையைப் பிடித்தபடி நின்ற கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மாமியாரின் கைக்குள்ளிருந்து தன் கையையும் எடுக்கவில்லை.