இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. எங்கள் அலுவலக லிஃப்ட் நின்றுபோன அன்று, அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கும் நானும் ஒன்றாக ஏழு மாடி ஏறினோம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அவர் ஒரு கணக்குக் கேட்டார். ஓர் ஆல்பத்தின் அட்டையில் நாற்பத்தேழு நிமிடம் நாற்பது விநாடி என்று போட்டிருக்கிறது. அவரிடம் இருக்கும் கேசட்டில் அதே ஆல்பம் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஏழு பாட்டும் இருக்கின்றன. எதுவும் பாதியில் அறுபடவில்லை. மீதி இரண்டு நிமிடம் நாற்பது விநாடி எங்கே போயிற்று?

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை. மீதியை அடுத்த முறை லிஃப்ட் நின்றபோது சொன்னார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓய்ந்த மாலையில், பழைய கிட்டார் ஒன்றின் தந்தி..." அடித்துவிட்டேன். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பிறகு: "ராக் இசை என்பது ஒரு தலைமுறையின்..." இது கட்டுரைப் போட்டிக்குப் போக வேண்டியது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அலங்காரம் செய்யத் தெம்பில்லை.

மெக்கானிக்குக்கு ஐம்பத்தாறு வயது, முட்டிவலி. (லிஃப்ட் நின்றால்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே ஊரிலேயே அதிகம் படி ஏறுகிறவர் அவர்தான்.) அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருவரும் முப்பது வருடமாக ஒரே ராக் குழுவின் ரசிகர்கள். நான்கு பேர் கொண்ட குழு, ஒன்பது ஆல்பம், அப்புறம் சண்டை, அப்புறம் ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்பதையும் வரிசைப்படுத்திக் கோடு போட்ட தாளில் எழுதுவார்கள்.

முதல் ஆல்பத்தில் வேகம் உண்டு, பக்குவம் இல்லை. ஆறாவதில் எல்லாம் உண்டு, ஆனால் இரண்டாம் பக்கம் தொய்ந்துவிடும். ஒன்பதாவதைக் கடைசியில் வைப்பதில் மட்டும் உலகமே ஒற்றுமை. இப்படியே போகும். நான்காவதில்தான் வில்லங்கம். மெக்கானிக் அதை முதலில் வைப்பார். மச்சான் எட்டாவதில் வைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

3

போன வருடம் மச்சானுக்கு அலுத்துப்போய்விட்டது. தான் கேட்கும் நான்காவது ஆல்ப இசைத்தட்டின் அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஆறு நிமிடம் ஊர்கிற பாட்டை எவன் முதலில் வைப்பான் என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"பகல் பூரா மோட்டார் சத்தத்துல நிக்கிற ஆளு. காது எங்க இருக்கும்? இது ரசனை இல்ல மாப்ள, செவிடு."

மெக்கானிக் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு மாதமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அடுத்த மாதம் மச்சான் கடையை மூடிவிட்டு, மகள் இருக்கும் தூர தேசத்துக்கே போய்விடுகிறார்.

(என் முதல் வரைவில் மெக்கானிக்கின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுபடி படித்தபோது வெட்கமாக இருந்தது. போகிறவர் அவருடைய அண்ணன். இழப்பு முழுக்க அவருக்கு. ஆகவே அவரைப் பேசவிடுகிறேன்.)

"போறதுக்குள்ள அண்ணன் ஒரு வேளை இங்க சாப்பிடணும். நீங்க ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கோங்க. சமாதானம் பேசிப் பேசி எனக்கு ஓஞ்சுபோச்சு."

4

மெக்கானிக்குக்குச் சமாதானம் பேசத் தெரியாது. அளக்கத் தெரியும். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தைப் பார்க்க வைத்திருக்கும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த நான்காவது ஆல்பத்தின் கேசட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு பாட்டாகக் குறித்தார். பக்கத்தில் மச்சான் விட்டுப்போன அட்டை.

மூன்று நிமிடப் பாட்டு பத்து விநாடி குறைந்தது. ஆறு நிமிடப் பாட்டு இருபது விநாடி. ஒன்பது நிமிடப் பாட்டு முப்பது.

அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு லிஃப்ட் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மேலே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு மாடியில் மட்டும் நேரம் குறைந்தால் கோளாறு அந்த மாடியில். எல்லா மாடியிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஓட்டமே வேகமாகியிருக்கிறது. இங்கே ஒவ்வொரு பாட்டிலும் பதினெட்டில் ஒரு பங்கு போயிருந்தது. எதுவும் தொலையவில்லை. அவருடைய கேசட் வேகமாகப் பாடிக்கொண்டிருந்தது.

கேசட்டை ஓட்டும் அவருடைய டெக்கில் குற்றமில்லை. மற்ற கேசட்டுகள் சரியாகவே ஓடின. அப்படியானால் பதிந்த இடத்தில்தான் காரணம். அந்நாளில் பாட்டுப் பதிந்து தரும் கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட்தான் கொடுத்திருந்தார். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நாற்பத்தேழே முக்கால் ஆல்பத்தை அதில் எப்படி அடக்குவது? கடைக்காரர் பாட்டை வெட்ட மனமில்லாதவர்போலும். பதியும் டெக்கின் வேகத்திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். நாடா மெதுவாக நகர்ந்ததால் அதே நீளத்தில் அதிகப் பாட்டு பதிந்தது. வீட்டுக்கு வந்து சரியான வேகத்தில் போட்டதும் எல்லாம் துரிதமாகிவிட்டது.*

* வேகம் கூடினால் சுருதியும் ஏறும். அதனால்தான் பாடகர் அந்தக் கேசட்டில் இருபது வயதுக்காரர்போல ஒலித்தார். சரியான வேகத்தில் கேட்க நேர்ந்த இரண்டொரு தடவையும், யாரோ பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று திட்டி மெக்கானிக் நிறுத்திவிட்டாராம். ரசிகனால் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: மச்சான் வந்து, கேசட்டைக் கேட்டு, கண் கலங்கி... இல்லை. இந்த வயதில் இந்த ஆட்கள் ஒரு நாடாவுக்காகக் கண் கலங்க மாட்டார்கள்.

இரண்டு: மெக்கானிக் கணக்கைக் காட்டித் தன் காது பழுதில்லை என்று நிரூபிக்கிறார். இதை அவரே முயலப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது மனைவி வழியை மறித்தார்.

"நீங்க ஜெயிச்சீங்கன்னு காட்டத்தானே போறீங்க?"

"பின்ன? செவிடுன்னாரே."

"தோத்த வீட்டுல யாரு வந்து சோறு திங்குவா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மூன்று: தன் டெக்கின் திருகாணியைத் தளர்த்திக் கேசட்டைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவருகிறார். இதையும் எழுதி, முக்கால் பக்கம் போனபின் நிறுத்தினேன். முப்பது வருடமாக ஒருவர் நேசித்ததை ஒரு திருப்பில் அழிக்க என் கை வரவில்லை. அவருக்கும் வரவில்லையாம்.

6

மச்சான் சாப்பிட வந்தாரா என்று கேட்பீர்கள். இதை நான் எழுதும்வரை மெக்கானிக் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் லிஃப்ட் வேறு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. வந்ததாகவோ வராததாகவோ நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கேசட்டின் அந்தப் பக்கத்தை அப்படியே ஃபோனில் பதிந்து மச்சானுக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல்செய்தி: "இது உங்ககிட்ட இல்லாத ஆல்பம், மச்சான். எங்க வைக்கலாம்னு நேர்ல வந்து சொல்லுங்க." பிறகு கோடு போட்ட தாளை எடுத்து, ஒன்பது வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு எண் போட்டார். நான்காவது ஆல்பம், தட்டில் உள்ளபடி, ஒரு வரி. நான்காவது ஆல்பம், கேசட்டில் உள்ளபடி, இன்னொரு வரி. ஆக மொத்தம் பத்து.