இரண்டு மணியில் ஒரு மஞ்சள் பூ

காலையில் மாட்டும்போது மஞ்சள் பூ மேலே, வலப்பக்கம் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் அடியில் தொங்கியது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். யாரும் அதைத் தொட்டதாகவும் தெரியவில்லை.

அவள் வாசற்கதவுக்கு முன்னால் நின்று பூவளையத்தை முறைத்தாள்.

"உனக்கு என்னதான் பிரச்சனை?"

படியேறி வந்த மேல்வீட்டு டீச்சர் நின்றுவிட்டார். "என்னையா கேட்டீங்க?"

"இல்ல டீச்சர், இதைத்தான்."

"நல்லா கேளுங்க. எனக்கு இதப் பார்த்தாலே பகீர்ங்குது. வாசல்ல மலர்வளையம் இருந்தா, இந்த வீட்ல யாருக்கு என்ன ஆச்சோன்னு நெனைக்கத் தோணுது."

"உயிரோட இருக்கறவருக்காகத்தான் வச்சிருக்கேன்."

டீச்சருக்குத் தெரியும். அந்த உயிரோடு இருப்பவர், அவளுடைய அப்பா, இரண்டு முறை டீச்சர் வீட்டுக்குள் போய், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னவர். முதல் தடவை டீச்சர் சிரித்தார். இரண்டாம் தடவை அவளுடைய அண்ணனுக்கு போன் போட்டார்.

அந்தக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் ஒரே பழுப்புக் கதவு, ஒரே கைப்பிடி. அப்பா தினமும் கீழே போய்ச் சிமெண்ட் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறி வருவார். எந்த மாடியில் நிற்க வேண்டும் என்பதுதான் இப்போதெல்லாம் அவருக்கு நினைவில் தங்குவதில்லை. கதவு எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிப் பார்த்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் வந்து வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடலாம் என்றான்.

"நீ மெஷின்ல குனிஞ்சா நிமிர மாட்டே. அவர் எறங்கிப் போறதே உனக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை வந்து போட்டுடறேன்."

"அப்பாவ ஆட்டுக்குட்டியாட்டம் கட்டிப்போடச் சொல்றியா?"

"நாளைக்கு அவர் ரோட்டுக்குப் போயிட்டா? அப்ப யாரு தேடறது, உன் தையல் மெஷினா?"

ஞாயிறுக்குள் வேறு வழி கண்டுபிடித்தால் தாழ்ப்பாள் வேண்டாம் என்று மட்டும் கேட்டு வாங்கினாள்.

அப்பா கடிகாரம் பழுதுபார்த்தவர். எண்களே இல்லாத முகப்பில்கூட, முள் நிற்கும் இடத்தை வைத்தே மணி சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அப்படியானால் கதவிலேயே ஒரு கடிகாரம் மாட்டினால் என்ன? நேரம் நகராத கடிகாரம்.

கெட்டிக் கம்பியை வட்டமாக வளைத்து, முனைகளைக் குறடால் முறுக்கினாள். கம்பி தெரியாதபடி காய்ந்த கொடியைச் சுற்றினாள். வெட்டு மிச்சத் துணியில் இதழ்களை எப்போதும் குறுக்குவாட்டில்தான், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும். நேர்நூலில் வெட்டினால் இதழ் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், குறுக்கில் வெட்டினால் சுருண்டு கொடுக்கும். அடியில் நூலோட்டிச் சுருக்கி இழுத்தால் துணி தானாகப் பூவாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கம்பியில் காம்பு வைத்து, வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கதவைக் கீறாதபடி முனையைக் கொடிக்குள் செருகினாள். சுற்றிலும் சின்ன வெள்ளைப் பூக்கள். இரண்டு மணி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் பூ. நடுவில் பஞ்சு அடைத்துக் கோட்டுப் பொத்தான்கள் தைத்தது.

அப்பா பார்த்த உடனே, "ரெண்டு மணி," என்றார்.

"ரெண்டு மணி வீடுதான் நம்ம வீடு. சரியா?"

"இத எத்தன வாட்டி சொல்லுவ பாப்பா?" நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அன்று சாயங்காலம் பூ அடிக்கு வந்திருந்தது. அப்பா கதவைப் பார்த்து, "ஆறு மணி. வேற வீடு," என்று மேலே ஏறிவிட்டார். அவள் ஓடிப் போய்க் கூட்டிவந்தாள்.

யார் திருப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்க, தையலை விட்டுவிட்டுக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. படிக்கட்டு ஜன்னல் வழியாகக் காற்று வந்து கதவை அறைந்து சாத்தியது. எட்டிப் பார்த்தாள். பூ கொஞ்சம் இறங்கியிருந்தது. திறந்து மறுபடி அறைந்தாள். இன்னும் கொஞ்சம்.

விஷயம் இதுதான். வளையம் ஆணியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அசைக்காத வரை உராய்வு பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு அதிர்விலும் அந்தப் பிடி விட்டுப்போகும். கனமான பக்கம் ஒரு விரல் அகலம் கீழே வழுக்கும். அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் ஓயும்.

சரி, வழுக்காமல் செய்துவிடலாம். உச்சியில் கம்பியால் ஒரு கண்ணி கட்டி, கண்ணியை ஆணியில் மாட்டினாள். வழுக்கல் நின்றது, ஆனால் வளையம் மொத்தமாகவே வலப்பக்கம் சாய்ந்தது. ஒற்றைப் புள்ளியில் தொங்கும் எதுவும் தன் கனத்தை அந்தப் புள்ளிக்கு நேர் கீழே கொண்டுபோகத்தான் பார்க்கும்.

"மூணு மணி," என்றார் அப்பா, படியில் கால் வைத்தபடி.

"அப்பா, இதுதாம்ப்பா வீடு!"

"மூணு மணிக்கு அங்க யாரு இருப்பாங்களோ."

கண்ணியைப் பிய்த்தெறிந்தாள். மஞ்சள் பூவுக்கு எதிர்ப்புறம், பின்னால் மறைவாக, இரும்பு நட்டுகளைக் கட்டினாள். இரண்டு பக்கமும் சரிகனம். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். எந்தப் பக்கமும் கனம் இல்லையென்றால் வளையத்துக்கு எந்த இடமும் சம்மதம். கதவு அதிரும்போதெல்லாம் இஷ்டப்பட்ட மணியில் போய் நின்றது. குறடைத் தூக்கிச் சுவரோரம் வீசினாள். பெயின்ட் பெயர்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிறு காலை. ஒரு பாவாடையைத் தைத்து முடித்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி மணி வேலைப்பாடு. அதன் இடுப்பு நாடாவை ஆணியில் மாட்டியதும் மணிப்பக்கம் சரிந்து ஓரம் தரையைத் தொட்டது. "நீயுமா?" என்று முனகிக்கொண்டே, பாவாடை மாட்டும் ஹேங்கரை எடுத்து, அதன் இரண்டு கிளிப்பையும் இடுப்பின் இரு கோடியில் கவ்வவிட்டு, ஹேங்கர் தண்டை அலமாரியின் இரண்டு கொக்கிகளில் கிடத்தினாள். பாவாடை நேராக நின்றது. தட்டிப் பார்த்தாள். ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்தது.

இத்தனை வருஷமாகச் செய்கிற வேலை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அழைப்பு மணி அடித்தது. கையில் டிரில்லும் தாழ்ப்பாளுமாக அண்ணன்.

"அத இப்படிக் குடு," என்று டிரில்லை வாங்கினாள்.

"என்ன பண்றே?"

"ரெண்டு ஓட்டை போடப்போறேன். தாழ்ப்பாளுக்கு இல்ல."

"ஒரு பூவுக்கு ரெண்டு ஓட்டையா? வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"தாழ்ப்பாளுக்கு நாலு ஓட்டை. அதுக்கு மட்டும் பாராட்டு விழா எடுப்பாரா?"

நட்டுகளை அவிழ்த்துவிட்டு வளையத்தை மாட்டினாள். அண்ணன் நம்பவில்லை. கதவை அறைந்தான், திறந்து மறுபடி அறைந்தான். மேலேயிருந்து டீச்சர், "யாருங்க அது கதவ ஒடைக்கறது?" என்றார். பூ இருந்த இடத்திலேயே இருந்தது.

கீழே போயிருந்த அப்பா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி வந்தார். இருவரும் உள்ளே ஒதுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செருப்புச் சத்தம் வெளியே நின்றது. அண்ணன் கையிலிருந்த தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு," என்று வெளியே குரல் கேட்டது. கைப்பிடி திரும்பியது.

அவள் செய்தது இவ்வளவுதான்: பத்து மணி இடத்தில் ஒரு கண்ணி, இரண்டு மணி இடத்தில் ஒரு கண்ணி, அவற்றுக்கு நேராகக் கதவில் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணிகள். கனம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால் வளையம் திரும்பாது.